பெரட்டுக்கு வந்த சொல்

இலங்கையில் பொல்பிட்டிய என்ற ஊர்ப்பெயரைச் சிங்களத்தில் பிரித்தால் பொல் தேங்காய், பிட்டிய திடல். 1969இல் மின் நிலையம் ஓடத் தொடங்கியதிலிருந்து தென்னையை யாரும் நினைப்பதில்லை. அங்கிருந்து லக்சபானப் பக்கம் ஏறினால் தேயிலை. தோட்டங்களில் வேறொரு திடல் உண்டு: பெரட்டுக் களம்.

வெளியாளுக்குப் பெரட்டு என்றதும் கோழிக்கறி நினைவு வரும். தோட்டத்தில் அது காலை ஆள்கணக்கு. விடியுமுன்னே லயத்து வீடுகளின் வாசலில் தப்புப் பறைச் சத்தம் கேட்கும். அந்த அடிக்கே பெரட்டுத் தப்பு என்று பெயர். கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு களத்தில் போய் நின்றால், யாருக்குக் கொழுந்து, யாருக்குப் புல்லுவெட்டு, யாருக்குக் கவாத்து என்று கணக்கப்பிள்ளை பிரித்துவிடுவார். பிந்திப் போனால் அன்றைக்குப் பேர் இல்லை. பேர் என்றால் ஒருநாள் கூலி.

சொல், ஆங்கிலத்துப் 'பரேட்'. பட்டாளத்துச் சொல் தோட்டத்துக்குள் நுழைந்ததில் வியப்பில்லை. 1820களில் பேராதனையை அடுத்த கன்னொறுவையில் கோப்பி போட்ட ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ், வாட்டர்லூவில் காயம்பட்ட படைத்தளபதி. (செடி வெட்டும் கவாத்தும், சிப்பாய் பழகும் கவாத்தும் தமிழில் ஒரே சொல் என்பது தனி வேடிக்கை.)

ஆங்கிலம் 'பரேட்'டைப் பிரெஞ்சிடமிருந்து 17ஆம் நூற்றாண்டில் வாங்கியது. பிரெஞ்சிலோ மூன்று சரக்கு ஒரே சாக்கில் கிடக்கிறது. அலங்கரிப்பதைக் குறிக்கும் சொந்த வினையிலிருந்து பகட்டுக் காட்சி. ஸ்பானிய 'நில்' என்பதிலிருந்து குதிரையை நிறுத்துவது. இத்தாலிய 'தடு' என்பதிலிருந்து வாள்வீச்சைத் தடுப்பது. மூன்றுக்கும் கொள்ளுப்பாட்டி ஒருத்திதான்: இலத்தீன் 'பராரே', ஆயத்தம் செய் என்று பொருள்.

பேத்திகள் ஆளுக்கொரு வீட்டில் வாழ்க்கைப்பட்டுப் போனார்கள். ஸ்பெயினில் 'பராதா' என்று கேட்டால் பஸ் நிறுத்தத்தைக் காட்டுவார்கள். இத்தாலியில் கோல் காப்பாளர் பாய்ந்து பந்தைத் தடுத்தால் அது 'பராத்தா'. படை அணிவகுப்பும் அதுவே. ஜெர்மானியர் 'பராடெ'க்குள் அணிவகுப்பு, பந்துத் தடுப்பு, குதிரையைக் கடிவாளம் பிடித்து நிறுத்துவது எல்லாவற்றையும் அடக்கிவிட்டார்கள். பாராசூட்டும் இந்தத் தடுக்கிற கிளைதான்: அது தடுப்பது விழுவதை.

இத்தனை பேரிலும் கொள்ளுப்பாட்டியின் சாயல் பெரட்டுக்குத்தான் அதிகம் என்பேன். களத்தில் யாரும் யாருக்கும் அணிவகுத்துக் காட்டுவதில்லை. இடுப்பில் படங்கு கட்டி, கூடையை மாட்டி, எந்த மலை என்று சொன்னால் ஏற நிற்கிறார்கள்.