மூக்குக்கு அகப்படாத நஞ்சு

மும்பையில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பெயிண்ட், வார்னிஷ் வியாபாரம். பிரெஞ்சு பாலிஷுக்கு அரக்குக் கரைக்க ஆசாரிகள் என்னிடம் ஸ்பிரிட் வாங்குவார்கள். மதுவைத் தொடாத சமண வீட்டுப் பிள்ளைக்குச் சாராய ஆராய்ச்சி எதற்கு என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. 2015 ஜூனில் இங்கே மாலாட் மால்வணியில் விஷச்சாராயம் குடித்து நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். அன்றுதான் என் கடை டப்பாவுக்குள் இருப்பது என்ன என்று படிக்கத் தொடங்கினேன். 2024 ஜூனில் நம்ம கள்ளக்குறிச்சியிலும் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. இரண்டிலும் எமன் ஒருவனே: மெத்தனால்.

தொழிற்சாலைக்குப் போகும் எத்தனாலுக்கு மதுவின் கலால் வரி கிடையாது. அதனால் யாரும் குடிக்காதபடி அதன் குணத்தைக் கெடுத்து அனுப்புவார்கள். பிரிடின் கலந்தால் அழுகிய மீன் நாற்றம். டெனட்டோனியம் பென்சோயேட் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு இருந்தாலே வாயில் வைக்க முடியாத கசப்பு. இவை ‘குடிக்காதே’ என்று கூச்சல் போடுகிற காவல்காரர்கள். மெத்தனாலும் இப்படிக் கலக்கப்படுவதுண்டு. ஆனால் அது வாய்மூடி. நிறமில்லை, வாசனை எத்தனாலைப் போலத்தான், போதையும் வரும். பற்றவைத்து நீலமாக எரிந்தால் நல்ல சரக்கு என்பார்களே, அது சுத்தப் பேத்தல். மெத்தனாலும் நீலமாகத்தான் எரியும்.

பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? ஆய்வகத்தில் பாஸ்பாரிக் அமிலமும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் சேர்ப்பார்கள். எத்தனால் அசிட்டால்டிஹைடாகும், மெத்தனால் ஃபார்மால்டிஹைடாகும். மிஞ்சிய பெர்மாங்கனேட் நிறத்தை சோடியம் பைசல்பைட்டால் போக்கிவிட்டு, குரோமோட்ரோபிக் அமிலத்தை அடர் கந்தக அமிலத்தோடு சேர்த்துச் சூடாக்கினால், ஃபார்மால்டிஹைடு இருந்தால் ஊதா நிறம் எழும். அசிட்டால்டிஹைடு அந்த ஊதாவைத் தராது. எவ்வளவு கலந்திருக்கிறது என்று துல்லியமாக அளக்க கேஸ் குரோமட்டோகிராஃப் என்ற கருவி உண்டு.

விந்தை என்னவென்றால், இதே காரியத்தை நம் கல்லீரலும் செய்கிறது. மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாக்கி, அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம்தான் கண் நரம்பைத் தின்பது. இதற்குப் பன்னிரண்டு முதல் இருபத்துநாலு மணி நேரம் ஆகலாம். எத்தனாலும் கலந்திருந்தால் இன்னும் தாமதம். “ராத்திரி நல்லாத்தானே இருந்தான்” என்று வீட்டார் அழுவது இதனால்தான். பார்வை பனிமூட்டமானால் போதை தெளியட்டும் என்று படுக்கவைக்கக் கூடாது, உடனே மருத்துவமனை. அங்கே ஃபோமெபிசோல் கொடுப்பார்கள், அது இல்லையேல் அளந்து எத்தனாலே கொடுப்பார்கள் (வீட்டில் ஊற்றிப் பார்க்கிற வேலையல்ல இது). கல்லீரலின் அந்த வேலை அதனால் தடைப்படும். டயாலிசிஸ் மெத்தனாலையும் அமிலத்தையும் வெளியேற்றும். தாமதமாக வந்தவர்களில் பலருக்கு உயிர் தங்கினாலும் பார்வை திரும்புவதில்லை.