ஆகாயத்தைச் சுத்தி செய்யும் விசிறி

ஐஸ்லாந்து தேசத்தில் ஹெல்லிஷெய்தி என்னுமிடத்தில் 2021-ஆம் வருஷம் 'ஓர்க்கா' என்ற விசித்திர யந்திரசாலை ஆரம்பமாயிற்று. ராட்சத விசிறிகள் காற்றை உள்ளே இழுக்க, அங்குள்ள இரசாயனப் பொருள் கரியமில வாயுவை மட்டும் பற்றிக்கொள்ளும். பிறகு சூடேற்றி அதைப் பிரித்து, தண்ணீரில் கரைத்து, பூமிக்கடியிலுள்ள எரிமலைப் பாறைக்குள் செலுத்துவார்கள். இரண்டே வருஷத்தில் பெரும்பாகம் கல்லாகிவிடுமாம்! வாதாபியை ஜீரணித்த அகஸ்தியர்தான் நமக்கு ஞாபகம் வருகிறார்.

ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டுமல்லவா? வருஷத்துக்கு 4,000 டன் பிடிப்பதே அதன் உத்தேசம். உலகத்தின் ஆலைகளும் மோட்டார்களும் நான்கு விநாடிக்குள் அவ்வளவையும் கக்கிவிடுகின்றன. 2024-ல் அருகிலேயே திறந்த 'மாமத்' 36,000 டன்னுக்கென்று அமைந்தது. அது அரை நிமிஷக் கணக்கு. விசிறி சுழல அங்கே பூமியின் நீராவி இருக்கிறது. நிலக்கரியை எரித்துச் சுழற்றினாலோ, பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடியும்.

அதே தீவில் சுமார் 1,100 வருஷங்களுக்கு முன் ஜனங்கள் குடியேறியபோது, நிலத்தில் கால் பங்கு பூர்ஜ மரக் காடாக இருந்தது. விறகுக்கு வெட்டியது போக, மிஞ்சியதைச் செம்மறியாடுகள் மேய்ந்தன. மண்ணும் காற்றோடு போயிற்று. நூறு வருஷங்களுக்கு மேலாகக் கன்று நட்டும், காடு இன்று நூற்றுக்கு இரண்டு பங்குதான். மரம் மெள்ள வளரும்; தீக்கும் கோடரிக்கும் இரையாகும். கல்லுக்கு அந்தப் பயமில்லை. ஆயினும் பணம் நம் கையிலிருந்தால் முதலில் வேலிக்கே கொடுப்போம். ஆடு நுழையாத இடங்களில் பூர்ஜம் தானாகவே முளைத்து வருகிறது.