கருப்பட்டியும் பிள்ளைகளின் பல்லும்

பெருங்கடவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கங்களில் குடியேறி வாழும் நம்மவர் பலரிடம், வெள்ளைச் சர்க்கரைதான் பல்லைக் கெடுக்கும், கருப்பட்டி கெடுக்காது என்றொரு நம்பிக்கை உண்டு. கருப்பட்டியின் மணத்தையும் சுவையையும் யார் மறுப்பார்? ஆயினும் பல்லைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே இனிப்புப் பொருளே கருப்பட்டியிலும் பெரும்பகுதி. வாயிலுள்ள கிருமிகள் அதனை அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலம் பல்லின் மேற்பூச்சாகிய எனாமலைக் கரைக்கிறது. இனிப்பு உண்ட சில நிமிஷங்களிலேயே தொடங்கும் இவ்வினையை உமிழ்நீர் தணிப்பதற்கு அரைமணி நேரமோ அதற்கு மேலோ ஆகும்.

ஆகவே, பிள்ளை எவ்வளவு தின்றது என்பதைவிட எத்தனை தடவை தின்றது என்பதையே முதலில் கவனிக்க வேண்டும். சுவீடன் தேசத்து வீப்பெஹோல்ம் மருத்துவமனையில் 1945-இல் தொடங்கி, 1954-இல் முடிவு வெளியான ஆராய்ச்சி இதனைத் தெளிவாக்கிற்று. உணவோடு சர்க்கரை உண்டவர்களுக்குச் சொத்தை அதிகம் பெருகவில்லை. இடைவேளைகளில் ஒட்டும் மிட்டாய் மென்றவர்களுக்கோ மிகுதியாகப் பெருகிற்று. (மனவளர்ச்சி குன்றிய நோயாளிகளின் சம்மதமின்றி நடத்தப்பட்ட சோதனை அது, இன்று எவரும் அனுமதியார்.)

நம் வீட்டு நடப்பைப் பாருங்கள். பள்ளி செல்லும் வழியில் மிட்டாய், மாலையில் பழம்பொரியும் இனிப்புத் தேநீரும், படுக்குமுன் சர்க்கரையிட்ட பால். இவற்றுள் கடைசியானதே மிகப் பொல்லாதது. உறக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும். உண்ணியப்பம் வேண்டுமென்று பிள்ளை கேட்டால் மதியச் சோற்றோடு கொடுத்துவிடலாம்.

ஆறு வயதளவில் பால்பற்களுக்குப் பின்னே கடைவாய்ப்பல் ஒன்று முளைக்கும். அதனையும் பால்பல்லென்று எண்ணித் தாய்மார் பலர் விட்டுவிடுகின்றனர். அது விழுந்து முளைப்பதன்று. ஆயுள் முழுதும் இருக்க வேண்டியது. உமிக்கரியை அழுத்தித் தேய்த்தால் எனாமல் தேயும். புளோரைடு கலந்த பற்பசையால் காலையிலும், படுக்குமுன்னும் துலக்குவதே நலம்.

திருவனந்தபுரத்தில் அரசினர் பல் மருத்துவக் கல்லூரி 1959 முதல் நடந்து வருகிறது. குழி சிறிதாயிருக்கையில் பெரும்பாலும் ஒரே நாளில் அடைத்துவிடலாம். வேர்வரை சென்றபின்னரோ பலமுறை அலைய வேண்டும். சிலவேளை பல்லையே எடுக்க நேரும். நாட்கூலிக்குச் செல்லும் பெற்றோர்க்கு அது எத்தனை நாள் வேலை என்பதை அவர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.