பால் நியூமன் டேடோனா

பால் நியூமன் டேடோனா என்பது சுவிட்சர்லாந்தின் ரோலெக்ஸ் நிறுவனம் 1960களில் வெளியிட்ட, சாவி கொடுத்து இயக்கும் டேடோனா கைக்கடிகாரங்களுள் அரிய ஒரு வகையாகும். கார்ப் பந்தயத்தில் சராசரி வேகத்தைக் கணிக்க உதவும் அளவுகோல் இதன் வெளி வளையத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. முகப்பிலுள்ள சிறு வட்டங்களும் ஓரப் பட்டையும் முகப்பின் நிறத்திலிருந்து வேறுபட்டிருப்பது இதன் அடையாளம்.

வெளிவந்த காலத்தில் இதை விரும்பியோர் சிலரே. ஆகவே குறைந்த எண்ணிக்கையிலேயே இவை விற்பனையாயின. அமெரிக்க நடிகரும் கார்ப் பந்தய வீரருமான பால் நியூமன் அணிந்ததால், பின்னாளில் சேகரிப்பாளர்கள் இவ்வகையை அவர் பெயரால் அழைக்கலாயினர்.

நியூமனின் சொந்தக் கடிகாரம் அவர் மனைவி ஜோன் உட்வர்ட் அளித்த பரிசாகும். கவனமாக வண்டி ஓட்டும்படி கூறும் சொற்கள் அதன் பின்புறத்தில் பொறிக்கப்பட்டிருந்தன. 2017 அக்டோபரில் நியூயார்க்கில் பிலிப்ஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் அது 1 கோடியே 77 இலட்சம் டாலருக்கும் மேல் விலைபோயிற்று. 2019 வரை கைக்கடிகார ஏலங்களில் இதுவே உச்ச விலையாக இருந்தது. அக்கடிகாரம் துருப்பிடிக்காத எஃகால் ஆனது. பொன்னோ மணியோ அன்றி, அருமையும் அணிந்தவரின் வரலாறுமே அதன் மதிப்பை நிர்ணயித்தன.