மழைக்காலத்தில் இந்த ரோடு போகுமா?

ஆனைக்கரை என்ற பெயரில் கேரளத்தில் இரண்டு ஊர்கள் உண்டு. ஒன்று பாலக்காடு மாவட்டத்தில், குற்றிப்புறத்துக்குப் பக்கம். இன்னொன்று எங்களுடையது. இடுக்கி மாவட்டத்தில், குமுளியிலிருந்து மூணாறு போகும் மாநில நெடுஞ்சாலையில், ஏலக்காடுகளுக்கு நடுவில் இருக்கிறது. கிழக்கே மலை இறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கு. தாத்தா காலத்தில் தோட்ட வேலைக்காக மலையேறி வந்த தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. நான் நர்ஸ். படுத்த படுக்கையாகிவிட்ட நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்ப்பது என் வேலை. 2008-ல் கேரள அரசு வலி தணிப்புப் பராமரிப்புக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. அதற்குப் பிறகு உள்ளூர்களில் பரவிய ஏற்பாடு இது. எங்களைப் ‘பாலியேட்டிவ் சிஸ்டர்’ என்று கூப்பிடுவார்கள்.

இந்த வேலையில் பாதி நேரம் ரோட்டில் போகிறது. நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் தார் ரோடு, பள்ளிக்கூடம், சர்ச், கோயில் வரை ஒழுங்காக இருக்கும். அதற்கப்புறம் கான்கிரீட். கான்கிரீட் முடிந்ததும் கல் பாவிய ஏற்றம். அதையும் தாண்டினால் தோட்டத்து மண் ரோடு, பிறகு ஏலச்செடிகளை விலக்கிக்கொண்டு போகும் ஒற்றையடிப் பாதை. எங்கள் நோயாளிகளில் பலர் அந்தக் கடைசித் துண்டில்தான் இருக்கிறார்கள். மூத்திர ட்யூப் அடைத்துக்கொண்டு ஒருவர் துடிக்கும்போது, ஜீப் எதுவரை போகும், எங்கே இறங்கிப் பையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். அதனால்தான் நான் வரைபடம் வரையத் தொடங்கினேன்.

‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’ என்ற உலக வரைபடத்தை 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கினார். விக்கிப்பீடியா போல யார் வேண்டுமானாலும் அதில் சேர்க்கலாம், திருத்தலாம். அதன் தரவு திறந்த உரிமத்தில் இருக்கிறது. ‘ஆர்கானிக் மேப்ஸ்’, ‘ஆஸ்ம்அண்ட்’ போன்ற செயலிகள் அந்தத் தரவில்தான் ஓடுகின்றன. ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத பள்ளத்திலும் வழி காட்டும். எங்கள் பக்கத்தில் சிக்னல் இல்லாத பள்ளங்களுக்குக் குறைவில்லை.

இதில் ஒரு ரோட்டைச் சேர்க்கிறவர் கோடு போட்டதோடு விட முடியாது. அது என்ன வகை ரோடு என்றும் சொல்ல வேண்டும். பட்டணத்தில் இது சுலபம். காட்டிலும் தோட்டத்திலும்தான் தலைவலி.

மேல்மட்டத்தில் சிக்கல் இல்லை. 1943-ல் நாகபுரியில் கூடிய தலைமைப் பொறியாளர்கள் இந்தியச் சாலைகளை தேசிய நெடுஞ்சாலை, மாகாண நெடுஞ்சாலை, பெரிய மாவட்டச் சாலை, இதர மாவட்டச் சாலை, கிராமச் சாலை என்று வகுத்தார்கள். இந்தியத் தன்னார்வலர்களும் பெரும்பாலும் அந்த ஏணியையே பின்பற்றுகிறார்கள். குமுளி வழியாகத் தேனிக்கு இறங்கும் தேசிய நெடுஞ்சாலை 183-க்கு ‘ட்ரங்க்’, மாநில நெடுஞ்சாலைக்கு ‘பிரைமரி’, மாவட்டச் சாலைக்கு ‘செகண்டரி’. மைல்கல்லில் எண் பொறித்திருக்கும், பார்த்து எழுதலாம். ஏணியின் கீழ்ப்படிகளில் எண்ணும் கிடையாது, பல இடங்களில் பலகையும் கிடையாது. ஊரையும் ஊரையும் இணைக்கும் சிறு ரோட்டுக்கு ‘அன்கிளாசிஃபைடு’, வீடுகள் வரிசையாக இருக்கும் தெருவுக்கு ‘ரெசிடென்ஷியல்’, ஒரு கட்டடத்துக்கோ வளாகத்துக்கோ மட்டும் போகும் துண்டுக்கு ‘சர்வீஸ்’. விவசாயத்துக்கும் காட்டு வேலைக்கும் வண்டி போகும் தடத்துக்கு ‘ட்ராக்’. நான்கு சக்கரம் நுழையாத பாதைக்கு ‘பாத்’.

பார்வைக்கு எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் மண் ரோட்டில் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். ஒரு தோட்டத்துக்குள் போகும் ஜீப் ரோடு. காலையில் வேலையாட்களை இறக்குகிறது, மாலையில் பச்சைக்காய் மூட்டையை ஸ்டோருக்குக் கொண்டுபோகிறது. அதுவரை அது ‘ட்ராக்’. அதே ரோட்டின் கோடியில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம் இருக்கிறது. பிள்ளைகள் அதில் நடந்துதான் பள்ளிக்கூடம் போகிறார்கள், ரேஷன் அரிசி அதில்தான் வருகிறது. இப்போது அது என்ன?

என் பதிலில் எனக்குச் சந்தேகமே இல்லை. கோடியில் மனிதர்கள் குடியிருந்து, வெளியே வர அவர்களுக்கு வேறு வழியும் இல்லையென்றால், அது கிராமச் சாலைதான், ‘ட்ராக்’ அல்ல. மண்ணாக இருந்தாலும் சரி, குழியாக இருந்தாலும் சரி. ரோடு மோசம் என்பதற்காக அதன் வகையை இறக்கக் கூடாது. ரோடு யாருக்காக இருக்கிறது என்பதை வகை சொல்லட்டும். எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்ல அந்த வரைபடத்திலேயே வேறு இடங்கள் இருக்கின்றன. தரை தாரா, கான்கிரீட்டா, கல்லா, மண்ணா என்று எழுதலாம். அகலம் எழுதலாம். ‘ட்ராக்’ என்றால் கெட்டியான தரையிலிருந்து வெறும் புல்தடம் வரை ஐந்து தரங்கள் உண்டு. நான்கு சக்கர இழுவை உள்ள வண்டி மட்டுமே ஏறும் என்று சொல்லவும் தனிக் குறிப்பு இருக்கிறது. ஏற்றத்தில் டயர் ஓடும் இரண்டு வரிகளுக்கு மட்டும் கான்கிரீட் போட்டு நடுவில் புல்லை விட்டிருப்பார்களே, எங்கள் மலையில் எங்கும் பார்க்கலாம், அதற்குக்கூடத் தனிக் குறிச்சொல் இருக்கிறது. அந்த ரோட்டில் எதிரே ஒரு வண்டி வந்தால் இரண்டில் ஒன்று பின்னால் போயே ஆக வேண்டும். ஆட்டோவின் ஒற்றை முன்சக்கரமோ நடுப்புல்லில்தான் ஓட வேண்டும், மழையில் சேற்றில் புதையும். கர்ப்பிணியை ஏற்றிப் போகிறவருக்கு இது தெரிய வேண்டாமா?

இடமலக்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2010-ல் உருவான, கேரளத்தின் முதல் பழங்குடி கிராமப் பஞ்சாயத்து. குடிகள் என்று சொல்லும் முதுவர் மக்களின் குடியிருப்புகள் காட்டுக்குள் சிதறிக் கிடக்கின்றன. மூணாறு பக்கம் பெட்டிமுடியிலிருந்து காட்டு வழியாக உள்ளே போக வேண்டும். ஜீப் தடம் மழையில் அடிக்கடி கெட்டுப்போகும். நோயாளியைக் கம்பில் துணி கட்டித் தோளில் தூக்கி வந்த செய்திகளை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்! தூரத்து ஊரில் உட்கார்ந்து செயற்கைக்கோள் படத்தைப் பார்க்கிறவருக்கு அது மரங்களுக்கிடையே விட்டுவிட்டுத் தெரியும் ஒரு பழுப்புக் கோடு. ‘ட்ராக்’ என்று போட்டுவிட்டுப் போய்விடலாம். அப்படிப் போட்டால், கார் வழி கேட்டால் சில செயலிகள் அதைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாது. அவற்றில் ஒரு பஞ்சாயத்து முழுக்க உலகத்தோடு இணைப்பே இல்லாததாகிவிடும். ‘கிராமச் சாலை’ என்று மட்டும் போட்டு நிலையை எழுதாமல் விட்டாலும் ஆபத்து, நம்பி ஒரு சின்னக் காரோடு யாராவது கிளம்பிவிடுவார்கள். இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் உண்மை முழுதாகும்.

கொழுக்குமலையில் இன்னொரு விதம். அந்தத் தேயிலைத் தோட்டம் தமிழ்நாட்டில், தேனி மாவட்டத்தில் இருக்கிறது. வண்டியில் போக வேண்டுமானால் கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து ஜீப் பிடிக்க வேண்டும். கல்லும் பள்ளமுமான தடம். சூரிய உதயம் பார்க்கிற கூட்டத்தால் பெயர் பெற்றுவிட்டது. அதற்காக அதை நல்ல ரோடு என்று வரைபடம் சொல்லக் கூடாது. பரம்பிக்குளமும் இப்படித்தான். பாலக்காடு மாவட்டத்து ஊர், ஆனால் வண்டியில் போகிறவர்கள் தமிழ்நாட்டுச் சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகச் சுற்றித்தான் போய்ச் சேர வேண்டும். எல்லைக் கோட்டைப் பார்த்து ரோட்டை ஊகித்தால் இங்கெல்லாம் தப்பாகிவிடும்.

தாளில் மட்டும் உயிரோடு இருக்கும் ரோடுகளும் உண்டு. மூணாறு டாப் ஸ்டேஷன் பக்கத்திலிருந்து பேரிஜம் வழியாகக் கொடைக்கானலுக்கு ஒரு காலத்தில் வண்டிகள் போயின. ‘எஸ்கேப் ரோடு’ என்பார்கள். இன்று அந்தப் பக்கம் பாம்பாடும் சோலை தேசியப் பூங்காவும் வனத்துறைக் காடும்தான். பழைய வரைபடங்களில் நேர்த்தியான கோடாக அது நிற்கும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இதற்கு ஒரு நல்ல விதி உண்டு: தரையில் இன்று இருப்பதை எழுது. ஆவணத்தில் இருந்ததையோ, அரசியல்வாதி மேடையில் அறிவித்ததையோ எழுதாதே. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி பக்கம், கைப்பேசி வரைபடத்தை நம்பிப் போன கார், முடிக்கப்படாத பாலத்திலிருந்து ராம்கங்கை ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். படத்தில் ஒரு கோடு இருந்தால் அதை நம்பி உயிருள்ள ஒருவர் வருவார் என்ற நினைப்பு வரைகிறவருக்கு இருக்க வேண்டும்.

செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைவதை நான் குறை சொல்லவில்லை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடுக்கியில் பல இடங்களில் மண் சரிந்து ரோடு துண்டானபோது, எங்கெங்கோ இருந்த தன்னார்வலர்கள் அப்படித்தான் கேரளத்து ரோடுகளையும் வீடுகளையும் வரைந்து உதவினார்கள். ஆனால் ஏலக்காட்டுக்கு மேலே நிழல் மரங்கள் கவிந்திருக்கும். அடியில் ஓடும் ரோடு வானத்துக்குத் தெரியாது. தேயிலைத் தோட்டத்திலோ நேர்மாறு: கொழுந்து எடுப்பவர்கள் நடக்கும் இடைவெளிகூடப் பளிச்சென்று தெரியும், அதையும் ரோடு என்று வரைந்துவிடுவார்கள். மரம் வெட்டும் இடத்துக்குப் போகும் கூப்பு ரோடு, பழைய மரம் இழுத்த தடம், தீத்தடுப்புக் கோடு எல்லாம் மேலிருந்து பார்த்தால் ஒன்றுபோல்தான் இருக்கும். வித்தியாசம் தெரிந்தவர் உள்ளூர்க்காரர்.

எங்கள் பக்கத்தில் அப்படித் தெரிந்தவர்கள் ஜீப் டிரைவர்கள். தேனி மாவட்டத்திலிருந்து விடியற்காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பம் மெட்டு, போடி மெட்டு, குமுளி வழியாக மலையேறுகிறார்களே, அவர்களுக்குத் தெரியாத தோட்டத்து வழி கிடையாது. எங்களைக் கூட்டிப்போகும் டிரைவர் அண்ணன் ஒரு ஏற்றத்தின் அடியில் நிறுத்திச் சொன்னார்: “சாரல் புடிச்சா இது ஏறாது, சிஸ்டர். ஆனி, ஆடி, ஆவணி மூணு மாசமும் சுத்தித்தான் போகணும். சுத்திப் போனா அங்க ஒரு கேட் இருக்கு, ராத்திரி பூட்டிருவாங்க. வாட்ச்மேனுக்கு முன்னாடியே போன் போட்டுரணும்.” அவர் சொன்ன அந்த நான்கு வாக்கியத்தில் ஒரு வரைபடத்துக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. பருவத்தில் மட்டும் மூடும் ரோடு, மாற்று வழி, கேட், தனியார் அனுமதி. ஒவ்வொன்றுக்கும் குறிச்சொல் உண்டு. ஏலக்காய் திருட்டுக்குப் பயந்து தோட்டங்களில் கேட் போடுவது நியாயம்தான். ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சுத் திணறும் நோயாளிக்காகப் போகிறவர்களுக்கு அந்தக் கேட் படத்தில் தெரிய வேண்டும் என்பதும் நியாயம்.

எல்லாவற்றையும் திறந்து காட்டிவிடவும் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றத்துக்குப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை மறக்க முடியாது. காட்டுப் பாதையை வரைந்தால் அனுமதி இல்லை என்பதையும் கூடவே குறிக்க வேண்டும். குறிக்காமல் விட்டால் படம் அழைப்பு விடுத்த மாதிரி ஆகிவிடும்.

அரசுப் பட்டியலை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் 2000 டிசம்பரில் தொடங்கியபோது சமவெளியில் 500 பேரும், மலை மாநிலங்களிலும் பழங்குடிப் பகுதிகளிலும் 250 பேரும் உள்ள குடியிருப்புகளுக்கு எல்லாப் பருவத்திலும் வண்டி போகும் ரோடு என்று இலக்கு வைத்தார்கள். அந்த எண்ணிக்கைக்கும் எட்டாத லயங்களும் குடிகளும் ஏராளம். எந்த அரசுப் பட்டியலிலும் வராத ரோடுகள் அங்கே இருப்பவர்களுடையவை. தன்னார்வலர் வரைபடத்தில் அவர்களுக்கு இடம் கிடைக்கும். ஆனால் யாராவது போய் எழுதினால்தான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை சொந்த ஊருக்குப் போகும்போது ‘ஸ்ட்ரீட்கம்ப்ளீட்’ என்ற இலவசச் செயலியை ஆண்ட்ராய்டு போனில் இறக்கிக்கொள்ளுங்கள். நிற்கும் இடத்தில் இந்த ரோட்டின் தரை என்ன என்று அதுவே கேட்கும். பொத்தானை அழுத்திப் பதில் சொன்னால் போதும். பஸ் நிற்கும் இடத்தோடு நின்றுவிடாமல் கடைசி வீடு வரை நடந்துவிடுங்கள். வழியில் ஆட்டோக்காரரையோ பால்காரரையோ பார்த்தால், ஆடி மாசத்தில் இது போகுமா என்று ஒரு வார்த்தை கேட்டு அதையும் எழுதிவிடுங்கள்.