பழைய கருவிக்குப் புதிய சுருள்வில்

பேனாவுக்குள்ளும் சைக்கிள் இருக்கையின் கீழும் சுருள்வில்லை நாம் நாள்தோறும் காண்கிறோம். இழுத்தால் நீளும், விட்டால் மீளும், அவ்வளவே அதன் கதை என்று எண்ணியிருப்போம். ஒன்று பழுதுற்று, அதற்கு ஈடாக வேறொன்றைத் தேடப் புகும்போதுதான் நம் அறிவின் எல்லை தெரியவருகிறது.

ஜெர்மனியில் 1883-ஆம் ஆண்டு பிறந்த ஜோசப் பிலாட்டீஸ் என்பவர், முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷாரால் மான் தீவில் காவலில் வைக்கப்பட்டிருந்தார். அங்கே கட்டில்களில் சுருள்விற்களைப் பொருத்தி, நோயாளிகளைப் படுத்தபடியே பயிற்சி செய்ய வைத்தார் என்று சொல்வதுண்டு. 1926-இல் அவர் நியூயார்க் நகரில் குடியேறினார். அவர் வகுத்த பயிற்சிக்குரிய கருவிகளுள் ஒன்று 'ரிஃபார்மர்'. நீண்ட சட்டத்தினுள் சக்கரங்களின் மேல் ஓடும் ஒரு பலகை. அதனைச் சட்டத்தின் ஒரு முனையோடு பிணைக்கும் சில சுருள்விற்கள். காலால் உந்தினால் பலகை நகரும், விற்கள் எதிர்த்திழுக்கும். இன்று சென்னையிலும் இக்கருவியைக் காணலாம்.

இத்தகைய பழைய கருவியொன்று அம்பத்தூரில் ஒரு வீட்டுக்கு வந்து சேர்ந்ததென வைத்துக்கொள்வோம். விற்களில் துரு, ஒன்றின் கொக்கி தேய்ந்திருக்கிறது. பலகை முழுதும் நீண்டிருக்கும் வேளையில் அக்கொக்கி அறுந்தால், படுத்திருப்பவர் காயமுறுவது திண்ணம். மாற்றியே ஆகவேண்டும். எதைக் கொண்டு மாற்றுவது?

நிறத்தை நம்பலாகாது. வலிமையைக் குறிக்கச் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று நிறமிடுவது உண்டு. ஆனால் ஒரு நிறுவனத்தின் சிவப்பு மற்றொன்றின் சிவப்பு அன்று. கண்ணளவையோ அதனினும் ஏமாற்றும். ஏன் என்பதற்கு ஆவடி வரை சென்று வருவோம். அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965 முதல் உருவான விஜயந்தா டாங்கியின் சக்கரங்களைத் தாங்கியவை, முறுக்கிக்கொடுக்கும் எஃகுத் தண்டுகள். சுருள்வில்லும் அத்தகைய தண்டுதான். சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவே. நாம் அதை இழுக்கும்போது உள்ளே கம்பி முறுக்கப்படுகிறது. முறுக்கத்தை எதிர்க்கும் ஆற்றலோ கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினால் விறைப்பு ஏறத்தாழ 46 விழுக்காடு கூடிவிடும்! கண்ணுக்குப் புலப்படாத வேறுபாடு காலுக்குப் புலப்படும். ஆகவே கம்பியின் தடிப்பைத் திருகு அளவியால் அளக்கவேண்டும். சுருளின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை, கொக்கியின் அமைப்பு ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளவேண்டும்.

விறைப்பை நேராக அறியவும் வழியுண்டு. ஒரு வாளியும் தண்ணீரும் போதும். வில்லை உறுதியான உத்தரத்தில் தொங்கவிட்டு, 5 லிட்டர் நீர் நிரம்பிய வாளியை மாட்டி நீளத்தைக் குறியுங்கள். பிறகு நீரை 10 லிட்டராக்கிக் குறியுங்கள். இடையே 25 சென்டிமீட்டர் நீண்டதாயின், 5 சென்டிமீட்டருக்கு ஒரு கிலோகிராம் என்பது கணக்கு. இராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்ட விதிதான் இது. இரண்டு முறை அளப்பானேன்? சுற்றுகள் நெருங்கி அமைந்த வில்லில் தொடக்கத்திலேயே ஓர் இறுக்கம் உண்டு. அதனை வென்ற பின்னரே அது நீளத் தொடங்கும். முதல் எடைக்கே அது அசையாதிருப்பின் எடையைக் கூட்டித் தொடங்குக.

இங்கே ஒரு வியப்பு. பழைய வில் தளர்ந்துவிட்டது என்கிறோமே, உண்மையில் அதன் விறைப்பு பெரிதும் மாறுவதில்லை. தொடக்க இறுக்கமே குன்றுகிறது. ஓய்வு நிலையில் சுற்றுகளிடையே வெளிச்சம் தெரிவது அதன் அடையாளம். எனவே பழைய வில்லிலிருந்து விறைப்பை அளந்து கொள்ளலாம். இறுக்கத்தை, இருப்பவற்றுள் தேயாத ஒன்றிலிருந்தே அறியவேண்டும்.

கருவி செய்தவர் இன்னும் தொழில் நடத்துகிறாராயின் அவரிடமே வாங்குதல் நன்று. இல்லையேல் சுருள்வில் செய்யும் பட்டறையை நாடவேண்டும். அங்கே இரண்டு கேள்விகளைத் தவறாது கேளுங்கள். சுற்றி முடித்தபின் சூளையில் 200 முதல் 300 டிகிரி வரை சூடேற்றி உள்தகைவைப் போக்குவார்களா? முலாம் பூசியபின் மீண்டும் சூடேற்றுவார்களா? மின்முலாம் பூசுகையில் எஃகினுள் புகும் ஹைட்ரஜன் வெளியேறாவிடில், பளபளக்கும் புதுவில் முன்னறிவிப்பின்றி முறியும். அறுந்த கொக்கிக்குப் பதிலாக அடுத்த சுற்றை இடுக்கியால் வளைத்துக்கொள்ளும் சிக்கன வழியை நான் ஒப்பமாட்டேன். இவ்வகை வில் பெரும்பாலும் கொக்கியில்தான் முறிகிறது.

ஒன்றை மட்டும் மாற்றாமல் எல்லாவற்றையும் ஒருசேர மாற்றுக. இரு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுமாறு கூறும் நிறுவனங்களும் உண்டு. புதியவற்றை மாட்டியதும் ஒருவரும் ஏறிப் படுக்காமல், பக்கத்தில் நின்று பலகையைக் கையால் பலமுறை இழுத்துவிட்டு, கொக்கிகளை ஒருமுறை உற்றுநோக்குங்கள். மாற்றிய நாளை ஒரு சீட்டில் எழுதிச் சட்டத்தின் அடியில் ஒட்டிவையுங்கள்.