ஏரியா ஜீரோவைத் தொடாம ஏன் போக முடியாது?

ஓஎஸ்பிஎஃப்-ல ஒவ்வொரு ரவுட்டர் கையிலும் முழு மேப் இருக்கும்னு போன எபிசோடுல பார்த்தோம். அப்போ ஏரியா எதுக்கு? எல்லா ஏரியாவும் ஏன் ஏரியா 0-வைத் தொட்டே ஆகணும்?

முதல் கேள்விக்குப் பதில் சின்னது. ஆயிரம் ரவுட்டர் இருக்கிற இடத்துல எங்கயோ ஒரு லிங்க் விழுந்தா, அத்தனை பேரும் டைக்ஸ்ட்ரா கணக்கைத் திரும்பப் போடணும். ஏரியாவா பிரிச்சா அந்த வேலை அந்த ஏரியாவோட நிக்கும்.

ரெண்டாவதுதான் சுவாரஸ்யம். முழு மேப் சொந்த ஏரியாவுக்கு மட்டும்தான். பக்கத்து ஏரியாவைப் பத்தி, ரெண்டுலயும் கால் வச்சிருக்கிற ஏரியா பார்டர் ரவுட்டர், சுருக்கமா ஏபிஆர், சொல்றதை நம்பணும். அது மேப் தராது. "இந்த நெட்வொர்க்குக்கு என் வழியா இவ்வளவு காஸ்ட்"னு மட்டும் சொல்லும். இதுதான் டைப் 3 எல்எஸ்ஏ. லிங்க்-ஸ்டேட்னு பேர் எடுத்த புரோட்டோகால், எல்லையில வந்ததும் டிஸ்டன்ஸ்-வெக்டார் மாதிரி காதால கேட்டதை நம்புது.

அதுல ஆபத்து இருக்கு. நான் உங்களுக்குச் சொன்ன வழி நாலு பேர் வாய் மாறி, புது வழி மாதிரி எங்கிட்டயே திரும்பி வந்தா? டிடிஎல் தீர்ற வரைக்கும் பாக்கெட் சுத்தும். அதனால 1998-ல வந்த ஆர்எஃப்சி 2328 ஒரு கட்டுப்பாடு வைக்குது: ஏரியா 0-ல இருக்கிற ஏபிஆர், மத்த ஏரியாக்களுக்கான வழியை ஏரியா 0-ல வர்ற சம்மரியை வச்சுதான் கணக்குப் போடும். சொந்த ஏரியா, நடுவுல 0, அப்புறம் அடுத்த ஏரியா. வேற தாவல் கிடையாது.

நான் வேலை பார்த்த ஒரு இடத்துல, புது பிராஞ்சுக்கு ஏரியா 2-ன்னு பேர் வச்சு, ஏரியா 1-க்குப் பின்னாடி கோத்திருந்தாங்க. நெய்பர் எல்லாம் 'ஃபுல்'னு காட்டுது. ஹெட் ஆஃபீஸ்லயோ அந்த பிராஞ்சோட ரூட்டே இல்ல. கேபிள் மாத்தி, ரீபூட் பண்ணி, ஒரு நாள் போச்சு. எதுவுமே கெட்டுப்போகல, மேல சொன்ன கட்டுப்பாடு தன் வேலையைச் செஞ்சிட்டிருந்தது.

இதுக்கு வைத்தியம் வர்ச்சுவல் லிங்க். ரெண்டு ஏபிஆர்லயும் எதிர்ப்பக்க ரவுட்டர் ஐடியைக் குடுத்து, ஏரியா 1 வழியா ஏரியா 0-வை நீட்டலாம். ஏரியா 1 ஸ்டப்-ஆ இருந்தா நடக்காது. ஏரியா 1 உள்ள பாதை அறுந்தா ஏரியா 2-வும் சேர்ந்து போகும். எனக்கு அது பிளாஸ்திரி மாதிரிதான். நாங்க அங்க பிராஞ்சோட ஏரியா நம்பரையே 1-ஆ மாத்தினோம். ரூட் வந்துடுச்சு.